ஆங்கரேஜிலிருந்து சூவர்ட் வரை: அலாஸ்காவின் கடலோர ரயிலில் போய்வர முழுமையான வழிகாட்டி

அலாஸ்காவின் பெரிய நகரமான ஆங்கரேஜிலிருந்து துறைமுக ஊரான சூவர்ட்டுக்குக் காரில் போனால் இரண்டரை மணி நேரம். ரயிலில் நாலரை மணி நேரம். நான்கு பேர் குடும்பத்துக்கு ஆகும் டிக்கெட் பணத்தில் ஒரு நாள் வாடகைக் கார் எடுத்து, பெட்ரோல் போட்டு, மதியச் சாப்பாடும் முடித்துவிடலாம். அப்புறம் எதற்கு ரயில்? அலாஸ்கா பயணத்துக்குத் திட்டம் போடுகிறவர்கள் எல்லாருமே ஏதாவது ஒரு கட்டத்தில் இந்தக் கேள்வியில் வந்து நிற்பார்கள்.

பதில் வழித்தடத்திலேயே இருக்கிறது. முதல் பாதியில் நெடுஞ்சாலையும் தண்டவாளமும் ஒன்றையொன்று உரசிக்கொண்டுதான் போகின்றன. கார்க்காரர் பார்ப்பதைத்தான் நீங்களும் பார்ப்பீர்கள். போர்ட்டேஜ் என்ற இடத்தில் இரண்டும் பிரிகின்றன. சாலை ஒரு கணவாய் வழியாக மேலேற, ரயில் கீனாய் மலைகளுக்குள் நுழைந்துவிடும். அங்கிருந்து மூஸ் பாஸ் பக்கம் மறுபடி சாலையைச் சந்திக்கும் வரை, 50 கிலோமீட்டருக்கு மேல், ரயில் தவிர வேறு வண்டி எதுவும் போகாத நிலம். நீங்கள் கொடுக்கும் காசு அந்த ஒன்றரை மணி நேரத்துக்குத்தான். மீதியெல்லாம் கொசுறு. இதை மனதில் வைத்துக்கொண்டால் எந்த மாதம் போவது, எந்தப் பக்கம் உட்காருவது, எப்போது கேமராவைக் கையில் எடுப்பது என்பதெல்லாம் தானாகவே தெளிவாகிவிடும்.

1. எந்த ரயில், எந்த மாதம்

ரயிலின் பெயர் கோஸ்டல் கிளாசிக். நடத்துவது அலாஸ்கா ரயில்ரோடு. 1985 முதல் இது அலாஸ்கா மாநிலத்துக்கே சொந்தம். மே நடுவிலிருந்து செப்டம்பர் நடு வரை தினமும் ஓடும். காலை 6.45 வாக்கில் ஆங்கரேஜில் கிளம்பி, 11 மணியைத் தாண்டி சூவர்ட் சேரும். மாலை 6 மணிக்குத் திரும்பக் கிளம்பி, இரவு பத்தே காலுக்கு மேல் ஆங்கரேஜ் வரும். நேரம் ஆண்டுக்கு ஆண்டு சற்று மாறும், டிக்கெட்டில் உள்ளதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அதே நிலையத்திலிருந்து வேறு ரயில்களும் போகின்றன. கிளேசியர் டிஸ்கவரி என்பது விட்டியர், ஸ்பென்சர் பனியாறு, கிராண்ட்வியூ வரை போய்த் திரும்புவது, சூவர்ட்டுக்குப் போகாது. டெனாலி ஸ்டார் வடக்கே ஃபேர்பேங்க்ஸ் போவது. இணையத்தில் அவசரமாக டிக்கெட் எடுக்கும்போது இந்த மூன்றையும் குழப்பிக்கொள்வது சுலபம்.

மாதத்தைப் பொறுத்தவரை என் ஓட்டு ஜூனுக்கு. ஜூன் மூன்றாம் வாரத்தில் ஆங்கரேஜில் சூரியன் மறைய இரவு பதினொன்றரை தாண்டிவிடும். அதாவது திரும்பி வரும் ரயிலும் முழுக்க வெளிச்சத்திலேயே ஓடும். ஒரே டிக்கெட்டில் இரண்டு முறை காட்சி. மே கடைசியில் போனால் மலைமேல் இன்னும் பனி நிறைய இருக்கும், கூட்டம் குறைவு. ஜூலை பாதிக்கு மேல் ஆகஸ்ட் வரை சால்மன் மீன் ஏறும் காலம். அதைத் துரத்திக்கொண்டு பெலூகா திமிங்கலங்கள் ரயில் பாதையை ஒட்டிய கடற்கழிக்குள் வரும், மழையும் கூடவே வரும். செப்டம்பரில் இலைகள் மஞ்சளாகி அழகாக இருக்கும், ஆனால் மாத நடுவில் எட்டரைக்குள் சூரியன் மறைந்துவிடுவதால் திரும்பும் பயணத்தின் கடலோரப் பகுதி இருட்டில் போய்விடும். செப்டம்பரில் போகிறவர்கள் ரயிலில் போய், அன்றே பேருந்தில் திரும்புவதையோ சூவர்ட்டில் இரவு தங்குவதையோ யோசிக்கலாம்.

2. ஆங்கரேஜ் போய்ச் சேருவது

அமெரிக்காவில் வேலை பார்க்கும் நம் ஆட்களுக்கு ஒரு விஷயம். சியாட்டிலிலிருந்து ஆங்கரேஜுக்கு விமானத்தில் சுமார் மூன்றரை மணி நேரம். இது உள்நாட்டுப் பயணம், குடிவரவுச் சோதனை கிடையாது. ஆனால் வான்கூவரில் கிளம்பும் கப்பலில் வந்தாலும், சாலை வழியாகக் காரில் வந்தாலும் கனடாவுக்குள் கால் வைத்தாக வேண்டும். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் அதற்கான விசாவை முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும். ஊரிலிருந்து வந்த அப்பா அம்மாவையும் கூட்டிக்கொண்டு போகிறீர்கள் என்றால் நேரே விமானத்தில் போவதே நிம்மதி.

ரயில் காலையில் சீக்கிரம் கிளம்புவதால் முந்தின நாளே ஆங்கரேஜ் வந்துவிடுங்கள். நிலையம் நகர மையத்தின் வடக்கு ஓரத்தில், மேட்டுக்குக் கீழே இருக்கிறது. 1942-இல் கட்டிய கட்டடம். நகர மையத்தில் தங்கினால் நடந்தே போகலாம். நேர வித்தியாசமும் நமக்குச் சாதகம்: அமெரிக்கக் கிழக்குக் கரையிலிருந்து வருகிறவருக்கு அலாஸ்காவின் காலை ஆறு மணி என்பது உடம்புக் கணக்கில் பத்து மணி. அலாரம் அடிக்கும் முன்பே விழிப்பு வந்துவிடும்.

3. எந்த வகுப்பு

இரண்டு வகுப்புகள். அட்வெஞ்சர் என்பது சாதாரண வகுப்பு. பெயரைப் பார்த்து ஏதோ மூட்டை தூக்கிக்கொண்டு ஏற வேண்டும் என்று நினைக்க வேண்டாம். அகலமான இருக்கை, பெரிய ஜன்னல், எல்லாரும் முறை வைத்து உட்காரக் கண்ணாடிக் கூரைப் பெட்டி ஒன்று, சாப்பாட்டுக் கடைப் பெட்டி ஒன்று. கோல்ட்ஸ்டார் உயர் வகுப்பு. மாடிப் பெட்டி, தலைக்கு மேலும் கண்ணாடி, சாப்பாடு கட்டணத்திலேயே சேர்ந்துவிடும், மாடியிலேயே திறந்தவெளி மேடை ஒன்றும் உண்டு. விலை ஏறக்குறைய இரு மடங்கு.

அந்தத் திறந்தவெளி மேடைக்காக மட்டும்தான் கோல்ட்ஸ்டாரைச் சிபாரிசு செய்வேன். புகைப்படத்தில் பித்துப் பிடித்தவர் என்றால் போகும்போது மட்டும் அதை எடுத்து, திரும்பும்போது அட்வெஞ்சரில் வாருங்கள். சைவம் சாப்பிடுகிறவருக்கு உயர்வகுப்புச் சாப்பாட்டில் பெரிய லாபம் இல்லை. குழந்தைகளோடு போகிறவர்களுக்கு அட்வெஞ்சரே மேல்; பெட்டிக்குப் பெட்டி நடக்கலாம், ஓரிடத்தில் கட்டிப்போட்டது போல இருக்காது.

அட்வெஞ்சரில் இன்னொரு நல்ல விஷயம், வழிகாட்டிகள். அலாஸ்காவின் உயர்நிலைப் பள்ளி மாணவர்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்து ரயிலில் வழிகாட்டியாக அனுப்புகிறார்கள். பதினேழு பதினெட்டு வயசுப் பிள்ளைகள் ஒலிபெருக்கியில் ஊர்க்கதை சொல்லும்போது ஒரு கலகலப்பு வந்துவிடுகிறது. கேள்வி கேளுங்கள், சந்தோஷமாகப் பதில் சொல்வார்கள்.

ஜூன், ஜூலை வார இறுதிகளுக்கு இரண்டு மூன்று மாதம் முன்பே பதிவு செய்துவிடுவது நல்லது. உல்லாசக் கப்பல் சூவர்ட்டுக்கு வரும் நாட்களில் ஊரில் கூட்டம் நெரியும். துறைமுக அட்டவணை இணையத்தில் கிடைக்கும். கப்பல் இல்லாத வார நாளாகப் பார்த்து எடுத்தால் படகு, சாப்பாட்டுக் கடை எல்லாமே காலியாக இருக்கும்.

4. எந்தப் பக்கம் உட்காருவது

போகும்போது வலது பக்கம் கடல், இடது பக்கம் மலை. பெலூகா வேண்டுமா, வலது. டால் செம்மறி என்ற வெள்ளைக் காட்டு ஆடு வேண்டுமா, இடது. போர்ட்டேஜ் தாண்டிய பிறகு ஸ்பென்சர், பார்ட்லெட் பனியாறுகள் இடது பக்கம். அதன் பிறகு கீனாய் ஏரி வலது பக்கம். நான் முதலில் சொன்ன அந்த 50 கிலோமீட்டர்தான் முக்கியம் என்று நினைத்தால் இடது பக்கத்தைக் கேளுங்கள். இருக்கை ஒதுக்குவது அவர்கள் கையில். கேட்டது கிடைக்காவிட்டாலும் முகத்தைத் தொங்கப்போட வேண்டாம். கண்ணாடிக் கூரைப் பெட்டிக்கு ஏறிவிட்டால் இரு பக்கமும் உங்களுடையதுதான். எல்லாரும் கடல் பார்க்கும் நேரத்தில் காலைச் சிற்றுண்டியை முடித்துவிட்டு, போர்ட்டேஜ் வருவதற்குக் கொஞ்சம் முன்பே அங்கே போய் இடம் பிடிப்பது புத்திசாலித்தனம். இருபது நிமிடம் உட்கார்ந்து பார்த்தபின் அடுத்தவருக்கு இடம் விடுவதுதான் அங்கே மரியாதை.

5. மைல்கல்லைப் பார்த்து வழியைப் படிப்பது

போர்ட்டேஜுக்கு அப்பால் கைபேசியில் சிக்னலை எதிர்பார்க்க வேண்டாம். வரைபடச் செயலியை நம்புவதைவிடத் தண்டவாள ஓரத்தில் நிற்கும் மைல்கற்களைப் பாருங்கள். கணக்கு சூவர்ட்டில்தான் தொடங்குகிறது, அதுதான் பூஜ்யம், ஆங்கரேஜ் 114. காரணம், 1903-இல் ஒரு தனியார் கம்பெனி சூவர்ட்டிலிருந்துதான் பாதை போடத் தொடங்கியது. பணம் தீர்ந்து கம்பெனி திவாலாகி, பின்னர் அரசு கையில் எடுத்து, 1923-இல்தான் ஃபேர்பேங்க்ஸ் வரைக்கும் பாதை முடிந்தது. ஆக, உங்கள் பயணத்தில் எண்கள் இறங்கிக்கொண்டே வரும்.

மைல் 100 பக்கம் ஊர் முடிந்து, இடது பக்கம் நெடுஞ்சாலைக்கு அப்பால் பாட்டர் சதுப்பு நிலம் தெரியும். வாத்து, அன்னம், வெண்தலைக் கழுகு எல்லாம் இருக்கும் பறவைகள் சரணாலயம். வேடிக்கை என்னவென்றால் இதை உண்டாக்கியதே இந்த ரயில்தான். 1916, 1917 வாக்கில் தண்டவாளத்துக்கு மண்கரை எழுப்பியபோது ஓடைகளின் நீர் கடலுக்குப் போக வழியில்லாமல் தேங்கிச் சதுப்பாகிவிட்டது.

அதைத் தாண்டியதும் டர்னகெய்ன் ஆர்ம் என்ற நீண்ட கடற்கழி. 1778-இல் கேப்டன் குக்கின் கப்பல்கள் அட்லாண்டிக்குக்குப் போகும் வடமேற்கு வழியைத் தேடி இங்கே வந்து, வழியில்லை என்று திரும்பின. இங்கே கடல் ஏறி இறங்கும் உயரம் 30 அடியைத் தாண்டும். தண்ணீர் வற்றிய நேரத்தில் போனால் கண்ணுக்கெட்டிய வரை சாம்பல் நிறச் சேறு மட்டும்தான். இது கடலா என்று கேட்கத் தோன்றும். பனியாறுகள் அரைத்துக் கொண்டுவந்த நைஸான மண் அது, கால் வைத்தால் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில், வற்றிய கழிக்குள் கடல் திரும்பும்போது முன்னால் ஒரே அலை, கழியின் அகலம் முழுக்கச் சுவர் போல எழுந்து வரும். ஆங்கரேஜின் தாழ்நீர் நேரத்திலிருந்து ஏறக்குறைய ஒரு மணி நேரம் கழித்து இந்தப் பக்கம் வந்து சேரும். ரயில் நேரமும் அதுவும் ஒத்துப்போவது அதிர்ஷ்டம். அதற்கென்று ஏங்குகிறவர்கள் வேறொரு நாள் காரில் வந்து கரையில் காத்திருக்கலாம்.

பெலூகா தேடுவதற்குக் கொஞ்சம் பழக்கம் வேண்டும். வளர்ந்தவை தூய வெள்ளை, குட்டிகள் சாம்பல். முதுகில் துடுப்பு கிடையாது. காற்றடிக்கும் நாளில் அலைநுரையும் வெள்ளையாகத் தெரிவதால் பெட்டி முழுக்க ‘அதோ அதோ’ என்று கத்தல் கேட்கும். நுரை என்றால் சட்டென்று உடைந்து காணாமல் போகும். பெலூகா மெதுவாக வளைந்து எழுந்து, வழுக்கினாற்போல உள்ளே போய், கொஞ்சம் தள்ளி மறுபடி எழும். இந்தக் கழி போய்ச் சேரும் குக் கழிமுகத்தில் வாழும் இந்தக் கூட்டம் 2008-இல் அழியும் ஆபத்தில் உள்ள இனமாக அறிவிக்கப்பட்டது. மிஞ்சியிருப்பவை சில நூறுதான். கண்ணில் பட்டால் யோகம்.

மைல் 75-இல் கர்ட்வுட், இங்கே ஆட்கள் ஏறுவார்கள். 64-இல் போர்ட்டேஜ். ரயில் இதை நெருங்கும்போது கரையோரம் வெள்ளி நிறத்தில் செத்து நிற்கும் மரங்களைப் பாருங்கள். 1964 மார்ச் 27, பெரிய வெள்ளிக்கிழமை மாலை, அளவு 9.2 என்று இப்போது மதிப்பிடப்படும் நிலநடுக்கம் வந்தது. வட அமெரிக்காவில் பதிவானவற்றில் இதைவிடப் பெரியது இல்லை. இந்தப் பகுதி நிலமே சில அடி தாழ்ந்துபோக, உப்புத் தண்ணீர் உள்ளே ஏறி மரங்களின் வேரைக் கொன்றது. அதே உப்பு மரத்தை மட்க விடாமல் காப்பாற்றியும் வைத்திருக்கிறது. போர்ட்டேஜ் என்று ஓர் ஊர் இருந்தது. அன்றோடு அது முடிந்தது.

இங்கேதான் சாலை பிரிகிறது. கேமராவை எடுங்கள்.

பிளேசர் ஆற்றுப் பள்ளத்தாக்கில் ரயில் தெற்கே திரும்பியதும் சத்தம் மாறிவிடும். பக்கத்தில் லாரி இல்லை, கார் இல்லை. ஆற்றங்கரைப் புதரில் மூஸ் மானைத் தேடுங்கள். நெட்டைக் கால், தொங்கும் மூக்கு, தள்ளி நின்று பார்த்தால் பழுப்புக் குதிரை என்றே நினைப்பீர்கள். குளங்களில் குச்சிகளைக் குவித்த மேடு தெரிந்தால் அது பீவர் வீடு. மைல் 55 வாக்கில் இடது பக்கம் ஸ்பென்சர் பனியாறு, அடியில் நீலப் பனிக்கட்டிகள் மிதக்கும் ஏரியோடு. மேகமூட்டமான நாளில் இந்த நீலம் இன்னும் அடர்த்தியாகத் தெரியும் என்பதால் மழை நாளென்று வருத்தப்பட வேண்டாம்.

அப்புறம் ஏற்றம். ஆறு குறுகிப் பள்ளமாகி, ரயில் ஒரு பக்கம் பாறையையும் மறுபக்கம் கிடுகிடு பள்ளத்தையும் வைத்துக்கொண்டு ஊர்ந்து போகும். அடுத்தடுத்து சுரங்கப்பாதைகள்; ஒவ்வொன்றுக்கும் நடுவில் சில வினாடி வெளிச்சம், அதற்குள் கீழே வெள்ளைத் தண்ணீர் கொதித்துக்கொண்டு ஓடும். அந்தக் காலத்தில் இங்கே தண்டவாளம் மரத்தூண்களின்மேல் ஏறி, ஒரு முழு வளையம் சுற்றித் தன்னையே கடந்து மேலே போனது. 1950-களின் தொடக்கத்தில் பாதையைத் திருத்தி அதை எடுத்துவிட்டார்கள். வளைவுகளில் ஜன்னலோடு ஒட்டி நின்றால் உங்கள் ரயிலின் நீல மஞ்சள் எஞ்சின் முன்னால் திரும்புவதே தெரியும். இந்தப் பயணத்தில் எல்லாரும் எடுக்க விரும்பும் படம் அதுதான்; பின்பக்கப் பெட்டியிலிருந்து எடுத்தால்தான் வரும்.

மைல் 45 கிராண்ட்வியூ, உச்சி. உயரம் ஆயிரம் அடிதான், ஆனால் சுற்றிலும் மரமற்ற சரிவும் தொங்கும் பனியாறுகளும் இருப்பதால் இமயத்துக்குள் வந்துவிட்டது போல இருக்கும். சரிவுகளில் கரும்புள்ளி நகர்ந்தால் கருங்கரடி, வெள்ளைப் புள்ளி பாறை விளிம்பில் நின்றால் மலையாடு. இதற்குப் பிறகு இறக்கம். 29 பக்கம் மூஸ் பாஸ் சிற்றூர், அதன்பின் பச்சையும் நீலமும் கலந்த கீனாய் ஏரி. சூவர்ட் வருவதற்கு முக்கால் மணி நேரம் முன்பு உங்களுக்குத் தூக்கம் வரும். தூங்கலாம், தப்பில்லை.

6. விலங்கு பார்க்க, படம் எடுக்க

வழிகாட்டி ‘மூன்று மணியில் கழுகு’ என்றால் எஞ்சின் இருக்கும் திசை 12 என்று வைத்துக்கொண்டு கடிகாரம்போலக் கணக்கிடுங்கள்: 3 நேர் வலது, 9 நேர் இடது. அடுத்தவரிடம் எங்கே எங்கே என்று கேட்டுக்கொண்டிருந்தால் ரயில் தாண்டிவிடும். 8 மடங்கு பெரிதாக்கும் தொலைநோக்கி போதும். அதற்கு மேல் என்றால் ஓடும் வண்டியில் காட்சி ஆடும்.

கண்ணாடி வழியே எடுக்கும் படத்தில் உங்கள் சட்டையே பிரதிபலித்துக் கெடுக்கும். கறுப்பு அல்லது அடர்நீலம் போட்டுக்கொண்டு, லென்ஸைக் கண்ணாடிக்கு மிக அருகில் கொண்டுபோங்கள். ஷட்டர் வேகம் 1/500-க்குக் குறைய வேண்டாம். பெட்டிகளுக்கு நடுவே நின்று எடுக்க அனுமதித்தால் நல்லது, ஆனால் தலையையோ கையையோ வெளியே நீட்டாதீர்கள். பாறைகள் அவ்வளவு நெருக்கம்.

7. பையில் என்ன

ஜூலையிலும் 10 முதல் 18 டிகிரிதான். ஒரே கனமான ஜாக்கெட்டைவிட மூன்று மெல்லிய அடுக்கும், மேலே மழை தாங்கும் சட்டையும் நல்லது. படகில் போகிறவர்களுக்குக் குல்லாயும் கையுறையும் கட்டாயம். அம்மா ஊரிலிருந்து கொண்டுவந்த குரங்குக் குல்லாயைப் பார்த்து யாரும் சிரிக்கமாட்டார்கள், எடுத்துவரச் சொல்லுங்கள். கடைப் பெட்டியில் சைவம் என்றால் ரொட்டி, சிப்ஸ், பழம் என்ற அளவில்தான் எதிர்பார்க்கலாம். புளியோதரையோ மிளகாய்ப்பொடி தடவிய இட்லியோ டப்பாவில் இருந்தால் காலைப் பொழுது ஓடிவிடும். குளிரூட்டிய மூடிய பெட்டி என்பதால் கருவாட்டை மட்டும் தவிர்த்துவிடலாம்.

8. சூவர்ட்டில் ஏழு மணி நேரம்

1867-இல் ரஷ்யாவிடமிருந்து 72 லட்சம் டாலருக்கு அலாஸ்காவை அமெரிக்காவுக்காக வாங்கியவர் அன்றைய வெளியுறவு அமைச்சர் வில்லியம் சூவர்ட். ஊருக்கு அவர் பெயர். ரயில் நிலையத்திலிருந்து படகுத்துறை நடக்கும் தூரம். ஊரின் மறுமுனைக்குக் கோடையில் இலவசப் பேருந்து ஓடும். இங்கே ஒரே ஒரு காரியத்தைத் தேர்ந்தெடுத்து நிம்மதியாகச் செய்யுங்கள். இரண்டைச் சேர்த்தால் ஆறு மணி ரயிலை நினைத்து நினைத்தே பாதி நேரம் போய்விடும்.

முதல்முறை வருகிறவர், உடம்புக்கு ஒன்றுமில்லை என்றால், கீனாய் ஃப்யோர்ட்ஸ் தேசியப் பூங்காவுக்கான ஆறு மணி நேரப் படகு. பனியாறு கடலில் உடைந்து விழுவது, கடல் நீர்நாய், கடற்சிங்கம், பஃபின் பறவை, பல நாட்களில் கூன்முதுகுத் திமிங்கலம் எல்லாம் இதில்தான். ரயில் வரும் நேரத்தை ஒட்டிக் கிளம்பி, ஆறு மணிக்குள் கரை சேரும் படகாகப் பார்த்துப் பதிவு செய்ய வேண்டும். பதிவின்போதே ரயிலில் வருவதைச் சொல்லிவிடுங்கள். வளைகுடாவை விட்டு வெளிக்கடலுக்குப் போனதும் படகு நன்றாகவே ஆடும். வாந்தி மாத்திரையைப் படகில் ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே, அதாவது ரயிலில் இருக்கும்போதே போட்டுக்கொள்ளுங்கள்.

வயதானவர்களும் சின்னக் குழந்தைகளும் இருந்தால் வளைகுடாவுக்குள்ளேயே சுற்றும் நான்கு மணி நேரத்துக்கு உட்பட்ட படகு போதும். அதுவும் வேண்டாமென்றால் அலாஸ்கா சீலைஃப் சென்டர். 1989-இல் எக்ஸான் வால்டெஸ் கப்பலின் எண்ணெய் கொட்டிய வழக்கில் கிடைத்த இழப்பீட்டின் ஒரு பகுதியைக் கொண்டு கட்டி, 1998-இல் திறந்தது. பஃபின்கள் நீருக்கடியில் சிறகடித்து நீந்துவதைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கலாம். வெளியே வந்தால் கடற்கரை நடைபாதை.

மூன்றாவது எக்ஸிட் பனியாறு. கீனாய் ஃப்யோர்ட்ஸ் பூங்காவில் சாலை போகும் ஒரே பகுதி. படகுத்துறையிலிருந்து வேன்கள் உண்டு. வழியில் ஆண்டு எழுதிய சிறு பலகைகள் நிற்கும்: பனியாறு அந்த ஆண்டில் அதுவரை இருந்தது என்று பொருள். 1815 என்ற பலகை பனியாற்றைக் கண்ணால் பார்ப்பதற்கு வெகு முன்பே வந்துவிடும். கொசு உண்டு, மருந்து தடவிக்கொள்ளுங்கள்.

9. திரும்பும் வழி

ஐந்தரைக்கெல்லாம் நிலையத்தில் இருங்கள். சூவர்ட்டில் சாப்பாட்டுக் கடைகள் நெரிசலாகும் நேரம் அது. மூன்று மணிக்கே எதையாவது வாங்கி வைத்துக்கொண்டால் ரயிலில் சாப்பிட்டுவிடலாம். இப்போது கடல் இடது பக்கம். மாலை வெயில் மேற்கிலிருந்து சாய்வாக வருவதால், காலையில் நிழலில் கிடந்த பனியாறுகள் இப்போது வெளிச்சத்தில் இருக்கும். படத்துக்கு இதுவே நல்ல நேரம். கரடிகளும் மூஸும் மேய வரும் பொழுதும்கூட. காலையில் பரபரத்த பெட்டியில் இப்போது பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள். கண்ணாடிக் கூரைப் பெட்டியில் தாராளமாக இடம் கிடைக்கும், யாரும் முறை கேட்க வரமாட்டார்கள்.

பத்தே கால் மணிக்கு ஆங்கரேஜில் இறங்கும்போது ஜூனில் வெயில் இன்னும் அடித்துக்கொண்டிருக்கும், ஆனால் சாப்பாட்டுக் கடைகளில் பெரும்பாலானவை மூடியிருக்கும். எல்லாரும் ஒரே நேரத்தில் டாக்ஸிக்குக் கைபேசிச் செயலியைத் திறப்பார்கள் என்பதால் ரயில் ஊருக்குள் நுழையும்போதே பதிவு செய்துவிடுங்கள். மறுநாள் காலை விமானமோ டெனாலி ரயிலோ வைத்துக்கொள்ள வேண்டாம். மதியத்துக்கு மேல் போதும்.